பட்டாளத்தார் என்று மட்டும் போட்டால் போதுமா?

வாசகர் ஒருவர், 9 பிப்ரவரி 2025
நம்ம ஊர்ப் பட்டாளத்தார் தை மாதம் காலமானார். 1971 போரில் டாக்கா வரை போய், பாகிஸ்தான் டாங்கை உடைத்தவர். பஸ் நிறுத்தத்தில் நிழற்குடை கட்டி அவர் பெயரை வைக்க இளைஞர்கள் முடிவு செய்திருக்கிறோம். கல்வெட்டில் 'ராணுவ வீரர்' என்று போட்டால் போதும், வடக்கே ஏதோ கம்பெனியில் வேலை பார்த்ததெல்லாம் தேவையில்லை என்பது என் கருத்து. குடும்பத்தார் யாராவது இருந்தால் சீருடைப் படம் ஒன்று தரவும்.

9 பிப்ரவரி 2025, இரவு
இருக்கிறேன். அவர் என் தாய்மாமா. படம் தருகிறேன். ஆனால் அது 'ஏதோ கம்பெனி' இல்லை, பிலாய் உருக்காலை. பட்டாளத்தில் இருந்தது 10 வருடம், உலையடியில் நின்றது 26 வருடம். டாக்காவுக்குப் போகவில்லை. டாங்கையும் உடைக்கவில்லை. மீதியை நாளைக்கு எழுதுகிறேன், கடையில் சிமெண்ட் லோடு இறங்குகிறது.

10 பிப்ரவரி 2025
மாமா பிறந்தது 1946. ஊர் தெரியாதவர்களுக்கு: திருப்புல்லாணியிலிருந்து சேதுக்கரை போகிற ரோட்டில், பனைக்கும் சீமைக்கருவேலத்துக்கும் நடுவில் இருக்கிறது. மழை பொய்த்தால் வயலில் ஒன்றும் இல்லை. கடலுக்குப் போகலாம் என்றால் வீட்டில் வள்ளம் இல்லை. 1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவம் ஆள் சேர்ப்பைப் பெரிதாக்கியிருந்த நேரம். 1964-ல் ஆள் எடுப்புக்குப் போய் நெஞ்சளவு கொடுத்தார், பெங்களூருக்கு அனுப்பிவிட்டார்கள். மெட்ராஸ் இன்ஜினியர் குரூப், அதாவது மெட்ராஸ் சேப்பர்ஸ். பாலம் போடுவது, பாதை போடுவது, கண்ணிவெடி புதைப்பது, புதைத்ததை எடுப்பது எல்லாம் இவர்கள் வேலை. துப்பாக்கியும் உண்டு, ஆனால் கையில் அதிகம் இருப்பது மண்வெட்டிதான் என்பார்.

அவர் பயிற்சியில் இருந்தபோதுதான் அந்த டிசம்பர் 22, 23 ராத்திரி. தனுஷ்கோடி போனது, பாம்பனிலிருந்து போன பாசஞ்சர் ரயில் ஆட்களோடு போனது. எங்கள் வீட்டில் கூரை மட்டும்தான் போனது, ஆனால் அது பெங்களூரில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்? ராமேஸ்வரம் பக்கம் ஆளே இல்லை என்று யாரோ முகாமில் சொல்லியிருக்கிறார்கள். பாட்டி எழுதச் சொல்லி எங்கள் அம்மா எழுதிய கார்டு போய்ச் சேரும்வரை சோறு இறங்கவில்லை என்பார். அடுத்த வருடம் லீவில் வந்தபோது முதல் வேலையாகப் பாம்பன் பாலத்தைப் போய்ப் பார்த்திருக்கிறார். புயல் பிய்த்துப்போட்ட பாலத்தை ஸ்ரீதரன் என்ற இளம் இன்ஜினியர் பொறுப்பில் 46 நாளில் சரி செய்திருந்தார்கள். அந்த 46 நாளைப் பற்றி மாமா ஒரு மணி நேரம் பேசுவார். பாகிஸ்தானைப் பற்றி ஐந்து நிமிடம்.

12 பிப்ரவரி 2025
டாக்கா கதை எங்கிருந்து வந்தது என்று இரண்டு பேர் கேட்கிறார்கள். டீக்கடையிலிருந்துதான். 1971, டாக்கா, சரணடைதல், டிசம்பர் 16 என்றுதான் எல்லாருக்கும் பழக்கம். அந்தப் போருக்கு மேற்கே இன்னொரு முனை இருந்தது யாருக்கும் ஞாபகம் வருவதில்லை.

அவர் பதக்கங்களை ஒரு போர்ன்விட்டா டப்பாவில் வைத்திருந்தார். உப்புக்காற்றில் பச்சை பூத்துக் கிடந்ததை அத்தை புளிபோட்டுத் தேய்த்து எடுத்தார். (பதக்கத்தைப் புளிபோட்டுத் தேய்க்கலாமா என்று சண்டைக்கு வராதீர்கள், தேய்த்தாகிவிட்டது.) அதில் சங்க்ராம் மெடல் இருக்கிறது, மேற்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பஷ்சிமி ஸ்டார் இருக்கிறது. கிழக்கு முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது பூர்வி ஸ்டார். அது இல்லை. சங்க்ராம் மெடலின் விளிம்பில் அவர் நம்பர், பதவி, பெயர் மூன்றும் பொடி எழுத்தில் வெட்டியிருக்கிறது. நகத்தை வைத்துத் தடவினால் தட்டுப்படும். சந்தேகம் உள்ளவர்கள் வீட்டுக்கு வந்து தடவிப் பார்க்கலாம்.

அவர் இருந்த இடம் மேற்கு முனையில் ஷகர்கட் பக்கம், பசந்தர் ஆறு. அங்கே ஆற்றின் இரண்டு பக்கமும் பாகிஸ்தான் கண்ணிவெடி விதைத்து வைத்திருந்தது. நம் டாங்கிகள் அக்கரைக்குப் போக வேண்டும் என்றால் யாராவது முன்னால் போய் வழி எடுக்க வேண்டும். அந்த 'யாராவது' மெட்ராஸ் சேப்பர்ஸின் 9 இன்ஜினியர் ரெஜிமெண்ட். டிசம்பர் 15 ராத்திரி வழி எடுத்து முடிக்கும் முன்பே எதிரி டாங்கிகள் வருகிற சத்தம் கேட்டு, நம் பூனா ஹார்ஸ் படைப்பிரிவின் டாங்கிகள் பாதி எடுத்த வழியிலேயே பாய்ந்து போய்விட்டன. மறுநாள் அங்கேதான் அந்தப் படைப்பிரிவின் இளம் அதிகாரி அருண் கேத்தர்பால் உயிரைவிட்டார், 21 வயது, பரம் வீர் சக்ரா.

மாமா இதில் சொன்னது கொஞ்சம்தான். "படுத்துக்கிட்டே குச்சியச் சாச்சுக் குத்திக் குத்திப் போகணும் மாப்ள. நேராக் குத்துனா நாமளே போயிருவோம். ஈர மண்ணு. குளிர்ல வெரலு மரத்துப்போகும். மரத்த வெரலுக்கு கல்லும் ஒண்ணுதேன், கண்ணியும் ஒண்ணுதேன். அதான் அப்பப்ப அக்குள்ல வச்சு சூடேத்திக்கிருவோம்." அவ்வளவுதான். டாங்கியை உடைத்தவர் இல்லை அவர். நம் டாங்கி உடையாமல் போக வழி எடுத்தவர்களில் ஒருவர். எனக்கு இது குறைச்சலாகத் தெரியவில்லை.

13 பிப்ரவரி 2025
கண்ணீர் அஞ்சலி பேனரில் 'கேப்டன்' என்று போட்டிருந்தது. அவர் நாயக், அதாவது சிப்பாய்க்கு இரண்டு படி மேல். அடுத்த நினைவு நாளுக்குள் அவரை ஜெனரல் ஆக்கிவிடாதீர்கள்.

15 பிப்ரவரி 2025
"கொடி போர்த்தாமல் அனுப்பியது ஊருக்கே அவமானம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இதை இங்கேயே முடித்துவிடலாம். தேசிய மரியாதைச் சின்னங்களை அவமதிப்பதைத் தடுக்கும் சட்டம் 1971-ம் வருடத்தது. அரசு மரியாதையோடு நடக்கிற இறுதிச் சடங்கு, ராணுவ, துணை ராணுவப் படைகளின் இறுதிச் சடங்கு, இவை தவிர வேறு எதற்கும் கொடியைப் போர்வையாகப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. ஓய்வு பெற்று வீட்டில் முதுமையில் காலமானவருக்கு நாமாகக் கடையில் வாங்கிப் போர்த்துவது வேறு கதை. அப்படிப் போர்த்த அனுமதி இருந்தாலும் காவி தலைப்பக்கம் வர வேண்டும், கொடியைக் குழியில் இறக்கக் கூடாது, சிதையில் எரிக்கக் கூடாது. அன்றைக்கு யாரோ கொண்டுவந்த கொடி தலைகீழாக மடித்திருந்தது. முன்னாள் படைவீரர் சங்கத்து சுபேதார் பெரியவர் அதை வாங்கிப் பிரித்துப் பார்த்து, ஒழுங்காக மடித்து, கொண்டுவந்தவர் கையிலேயே கொடுத்தார். திட்டவில்லை. எனக்கு அந்த மரியாதை போதும்.

அவர்கள் தொப்பி வைத்து வரிசையாக நின்று சல்யூட் அடித்தார்கள். ஒருவர் செல்போனில் ராணுவ அஞ்சலிக்கு ஊதுகிற 'லாஸ்ட் போஸ்ட்' பிகிள் இசையைப் போட்டார். முதலில் பல்பொடி விளம்பரம் வந்தது. மாமா உயிரோடு இருந்திருந்தால் அதற்குத்தான் அதிகம் சிரித்திருப்பார்.

19 பிப்ரவரி 2025
இனி பிலாய். இதை யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் எழுதுகிறேன்.

1974-ல் பட்டாளத்தை விட்டு வந்தார். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் நடத்தை 'எக்ஸெம்ப்ளரி', அதாவது முன்மாதிரி. அதை வைத்துக்கொண்டு ஊரில் என்ன செய்வது? சில மாதம் கரைவலை இழுத்தார். கூட இருந்த தெலுங்கு நண்பர் ஒருவர் பிலாயில் ஆள் எடுக்கிறார்கள் என்று எழுத, 1975-ல் கிளம்பிவிட்டார். அன்றைக்கு இந்தப் பக்கம் மீட்டர் கேஜ். சேது எக்ஸ்பிரசில் எழும்பூர், அங்கிருந்து சென்ட்ரல், ஜி.டி. எக்ஸ்பிரசில் நாக்பூர், அங்கே மாறி, பிலாயை ஒட்டிய துர்க். அப்போது அது மத்தியப் பிரதேசம். 2000 நவம்பரில் சத்தீஸ்கர் தனி மாநிலமானது. "வேலைக்குச் சேந்தது ஒரு மாநிலம், ரிட்டையர் ஆனது வேற மாநிலம், குவார்ட்டர்ஸ் மட்டும் அதே குவார்ட்டர்ஸ்" என்பது அவருடைய நிரந்தர ஜோக். ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒரு தடவை கேட்டாக வேண்டும்.

பிலாய் ஆலை சோவியத் உதவியில் கட்டியது. 1955-ல் ஒப்பந்தம், 1959 பிப்ரவரியில் முதல் ஊதுலையை ராஜேந்திர பிரசாத் தொடங்கிவைத்தார். மாமா போனபோதும் ரஷ்ய இன்ஜினியர்கள் அங்கே இருந்திருக்கிறார்கள். பிற்பாடு ஊருக்கு வந்து கரைவலையில் கை கொடுக்கும்போது 'தவாய், தவாய்' என்று கத்துவார், ரஷ்ய மொழியில் 'ம், ஆகட்டும்' என்று அர்த்தம். நம் பையன்கள் ஏதோ பட்டாளத்து உத்தரவு என்று நினைத்து இன்னும் அதையே கத்திக்கொண்டிருக்கிறார்கள்.

அவருக்கு ஊதுலையின் காஸ்ட் ஹவுஸில் வேலை. உலையின் அடியில் களிமண் வைத்து அடைத்த ஓட்டை இருக்கும். நேரம் வந்ததும் அதைத் துளைப்பார்கள். துளை சண்டித்தனம் செய்தால் ஆக்சிஜன் குழாயை நீட்டிச் சுட்டுத் திறப்பார்கள். 1,400 டிகிரிக்கு மேல் சூட்டில் இரும்பு வரும். வாய்க்கால் வெட்டி அதில் விடுவார்கள், கசடு ஒரு பக்கம், இரும்பு ஒரு பக்கம் பிரியும், இரும்பு கீழே நிற்கிற வண்டியில் விழும். முடிந்ததும் மண் துப்பாக்கி என்கிற இயந்திரத்தால் களிமண்ணை அடித்து ஓட்டையை மூடுவார்கள். திரும்ப வாய்க்காலைச் சுரண்டி, மணல் போட்டுச் சரி செய்ய வேண்டும். காலை 6, மதியம் 2, இரவு 10 என்று மூன்று ஷிப்டிலும் இதேதான். உலையை நினைத்த நேரத்துக்கு அணைத்துப்போட முடியாது, அதனால் தீபாவளி, பொங்கல் எல்லாம் அங்கே இல்லை.

உருகிய இரும்புக்குச் சூட்டைவிடப் பெரிய எதிரி ஈரம். வாய்க்காலில் ஈரம் இருந்து இரும்பு அதன்மேல் போனால் ஈரம் நொடியில் ஆவியாகி இரும்பைத் தூக்கி அடிக்கும். அதனால் மாமா ஒவ்வொரு முறையும் குனிந்து, வாய்க்கால் மணலைப் புறங்கையால் தொட்டுக்கொண்டே நடப்பாராம். காய்ந்துவிட்டது என்று சூப்பர்வைசர் சொன்னாலும் தொட்டுப் பார்க்காமல் விடமாட்டாராம். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. போன வாரம் பிலாயிலிருந்து பேசிய அந்தத் தெலுங்கு நண்பர் சொன்னார். அவருக்கும் 80-ஐ நெருங்குகிறது. பாதி இந்தி, பாதி தமிழ், நடுவில் அழுகை. அத்தை ஸ்பீக்கரில் போட்டிருந்தார். துக்கத்துக்கு வந்திருந்த ஊர்க்காரர்கள் வெளியே பட்டாளத்துக் கதை பேசிக்கொண்டிருந்தார்கள், இது யார் காதிலும் விழவில்லை. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

20 பிப்ரவரி 2025
நிழற்குடைத் தம்பி கேட்கிறார்: பதக்க டப்பாவில் மரச்சட்டம் போட்ட நீலக் கண்ணாடித் துண்டு ஒன்று இருந்ததே, அது போர்க்களத்தில் எடுத்த பைனாகுலர் கண்ணாடியா?

இல்லை தம்பி. அது கோபால்ட் கண்ணாடி. உலைக்குள் காற்று ஊதுகிற குழாயில் பார்ப்பதற்கு ஒரு சின்ன ஓட்டை இருக்கும். வெறும் கண்ணால் பார்த்தால் கண் போய்விடும். இந்தக் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு பார்த்தால் உள்ளே கோக் கரி துள்ளுவது தெரியுமாம். சட்டத்தின் ஒரு மூலையில் மட்டும் மரம் கறுத்து வழவழப்பாக இருக்கிறது. கட்டை விரல் பிடித்த இடம்.

அதைப் பதக்கங்களோடு ஒரே டப்பாவில் வைத்தது அவர்தான், நான் இல்லை. எனக்கு இதற்குமேல் வாதம் தேவையில்லை.

23 பிப்ரவரி 2025
கொஞ்சம் லேசாக. அத்தை சொன்ன ஒன்று.

லீவு முடிந்து போகும்போதெல்லாம் பாட்டி நெத்திலிக் கருவாடு கட்டிக் கொடுப்பார். ட்ரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில், மூன்று பாலிதீன் உறை, மேலே சாக்கு. அப்படியும் நாக்பூர் வருவதற்குள் கம்பார்ட்மெண்டில் விசாரணை ஆரம்பித்துவிடும். ஒரு முறை டிடிஆர் வந்து பெட்டியில் என்ன என்று கேட்க, மாமா விறைப்பாக எழுந்து நின்று "ஆர்மி ஸ்டோர்ஸ்" என்றாராம். அவர் பட்டாளத்தை விட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. ஆகவே பட்டாளத்தார் பட்டத்தை அவரும் தேவைப்பட்ட இடத்தில் பயன்படுத்தினார் என்பதை நேர்மைக்காகப் பதிவு செய்கிறேன்.

உலைக்காரர்களுக்கு வியர்வையில் போகிற உப்பை ஈடுகட்ட உப்பு மாத்திரை கொடுப்பார்களாம். "வாலிநோக்கத்துல உப்பு மலையாட்டம் கெடக்கு. எனக்கு இங்க மாத்திரையா எண்ணிக் குடுக்குறான்."

2 மார்ச் 2025
2001-ல் விருப்ப ஓய்வு வாங்கி ஊருக்கு வந்தார். பிள்ளைகள் அங்கேயே வேலை தேடிக்கொண்டார்கள். அதற்குப் பிறகுதான் எனக்குச் சனி பிடித்தது, ஏனென்றால் நான் விற்பது கம்பி, சிமெண்ட், மணல்.

ஊரில் யார் வீடு கட்டினாலும் கம்பி கட்டுகிற அன்றைக்குக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து நின்றுவிடுவார். கொட்டியிருக்கிற மணலில் ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைப்பார். கரித்தால் லோடைத் திருப்பி அனுப்பு என்பார். நான் அனுப்பிய லோடு உள்பட. "மருமகன் கடை மணலு, பாத்துப் போடுங்க" என்று வீட்டுக்காரரிடமே சொல்வார். வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டை நடந்திருக்கும்.

அவர் சொன்னது சரியான விஷயம். கடல் மணலில், உப்புத் தண்ணீரில் காங்கிரீட் போட்டால் அந்த உப்பில் இருக்கிற குளோரைடு உள்ளே கம்பியைத் துரு ஏற்றும். துரு என்பது இரும்பைவிட அதிக இடம் கேட்கும். உள்ளே உப்பி, காங்கிரீட்டை வெளியே தள்ளும். நம் கடற்கரையில் எத்தனை வீட்டில் மேல்தளம் பெயர்ந்து சிவப்பாகக் கம்பி தெரிகிறது என்று எண்ணிப் பாருங்கள். வெளியிலிருந்து வருகிற உப்புக்காற்றும் இதே வேலையைச் செய்யும், கொஞ்சம் மெதுவாக. அதனால்தான் கம்பிக்கும் வெளிப்பக்கத்துக்கும் நடுவில் கவர் விடுவது. காங்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ன்படி கடலோரக் காற்று படுகிற காங்கிரீட்டுக்கு 45 மில்லிமீட்டர், அலைத் துளி தெறிக்கிற இடத்துக்கு 50. நம் ஆட்கள் கருங்கல் ஜல்லி ஒன்றைக் கம்பிக்கு அடியில் முட்டுக் கொடுத்துவிட்டு 'கவர் வச்சாச்சு' என்பார்கள். மாமா அந்த ஜல்லியைக் காலால் தட்டி விடுவார்.

காரைக்குடி செக்ரி மின்வேதியியல் ஆய்வகம் பாம்பனுக்கு முன்னால் இருக்கிற மண்டபம் ஊரில் அரிமான (துரு) சோதனை நிலையம் வைத்திருப்பது சும்மா இல்லை. இந்தக் காற்றில் இரும்பு எப்படிப் போகிறது என்று பார்க்க இதைவிட நல்ல இடம் வேண்டுமா? மாமா வீட்டுக்கு இரும்புக் கேட் கிடையாது, பனஞ்சட்டத்தில் படல்தான். ஏன் என்று கேட்டால், "இரும்பப் பத்தித் தெரியாதவன் வைக்கட்டும்" என்பார்.

3 மார்ச் 2025
கொத்தனார் ஒருவர் மறுமொழியில் கொதித்திருக்கிறார்: "அவரால் எத்தனை நாள் சென்ட்ரிங் வாடகை வீணாகப் போனது தெரியுமா?" தெரியும் அண்ணே. பாதி வாடகை என்னிடம்தான் கழித்தீர்கள்.

9 மார்ச் 2025
சில நாளாக ஒன்று உறுத்துகிறது. நான் டாக்கா இல்லை, கேப்டன் இல்லை, உலைதான் பெரிசு என்று வரிசையாக எழுதிக்கொண்டே போகிறேன். ஆனால் மாமா டீக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது அவர் காதுபடவே டாக்கா கதை ஓடும். ஒரு நாளும் மறுத்ததில்லை. வடையைப் பிட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். ஒரு தடவை நானே கேட்டேன், ஏன் மாமா சும்மா இருக்கிறீர்கள் என்று. "பட்டாளத்தார்னா ஆபீஸ்ல நாக்காலி போடுவான் மாப்ள. உலைக்காரன்னா எவன் போடுவான்? அவங்களுக்கு ஒரு பட்டாளத்தார் வேணும். இருந்துட்டுப் போறேன்."

அப்படியென்றால் அவர் விட்டுவைத்ததைத் திருத்த நான் யார்? சில நாள் எதுவும் எழுதாமல் இருந்ததற்கு இதுதான் காரணம். இப்போதைக்கு எனக்குத் தோன்றுவது: உயிரோடு இருந்தவருக்கு நாற்காலி தேவைப்பட்டது, இருந்துவிட்டுப் போனார். கல்வெட்டுக்கு நாற்காலி தேவையில்லை. இதில் முழுத் திருப்தி எனக்கே இல்லை, யாராவது நன்றாக மறுத்தால் கேட்டுக்கொள்கிறேன்.

காது விஷயமும் இதே மாதிரிதான். அவருக்கு இடது காது மந்தம். ஊரில் எல்லாரும் கண்ணிவெடியில் போனது என்பார்கள். பிலாய்க்காரர்கள் ஊதுலைக் காற்றுச் சத்தம் என்பார்கள். அவரிடம் கேட்டால், "என்ன கேட்ட?" என்பார்.

10 மார்ச் 2025
கைரேகை பற்றி எழுதச் சொல்லி நினைவூட்டிய தங்கைக்கு நன்றி. ஒவ்வொரு நவம்பரிலும் உயிரோடு இருக்கிறேன் என்று சான்று கொடுக்கப் போவார். விரலை வைத்தால் மெஷின் ஏற்காது. ரேகை தேய்ந்து வழுக்கையாக இருந்தது. பட்டாளத்துக் கணக்கில் வருகிற சின்ன ரிசர்வ் பென்ஷனுக்கும் அதே விரல், ஆலைக் கணக்கில் வருகிற இபிஎஸ்-95, அதாவது பி.எப். பென்ஷனுக்கும் அதே விரல். கவுண்டரில் இருந்த பையன் ஈரத்துணியால் துடைக்கச் சொன்னான், பவுடர் போடச் சொன்னான், பிறகு நாளைக்கு வாங்க தாத்தா என்றான். 2021 நவம்பரில் முகத்தை வைத்துச் சான்று எடுக்கிற வசதி வந்தபிறகுதான் அந்த அலைச்சல் தீர்ந்தது. முகம் தேயவில்லை போல என்றார்.

16 மார்ச் 2025
தண்டவாளம் பற்றி.

இந்திய ரயில்வேக்கு ரயில் தண்டவாளம் உருட்டிக் கொடுப்பதில் பெரிய பங்கு பிலாய்க்குத்தான், 1960-லிருந்து. தண்டவாளத்தின் இடுப்புப் பகுதியில் புடைப்பெழுத்தில் ஆலையின் அடையாளம், எடை வகை, உருட்டிய மாதம், வருடம் எல்லாம் இருக்கும். மாதம் ரோமன் எண்ணில். நிறையப் பேர் பார்த்திருக்க மாட்டீர்கள்.

மானாமதுரை – ராமேஸ்வரம் பாதையை அகலப்பாதையாக்கி 2007-ல் திறந்தார்கள். அதற்குப் பிறகு ஒரு நாள் மதுரைக்குப் போக ராமநாதபுரம் ஸ்டேஷனில் நின்றோம். வண்டி தாமதம். மாமா பிளாட்பாரத்தின் கடைசிக்குப் போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, எதிர்த் தண்டவாளத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். பிலாய் ஆலையை நடத்துகிற நிறுவனத்தின் பெயர் 'செயில்' என்று ஆங்கில எழுத்தில், பக்கத்தில் வருடம் 2005. எனக்குப் பெருமையாக இருந்தது, "உங்க இரும்பு மாமா" என்றேன். அவர் நிமிர்ந்து, "நான் வந்ததுக்கு அப்புறம் உருட்டுனதுடா" என்றார். கொஞ்ச தூரம் நடந்துவிட்டுத் திரும்பி, "பரவால்ல. நேராத்தான் உருட்டியிருக்காய்ங்க."

2022 செப்டம்பரில் விக்ராந்த் கப்பலைக் கடற்படையில் சேர்த்தபோது, அதன் எஃகுத் தகடு பிலாய், பொகாரோ, ரூர்கேலா ஆலைகளிலிருந்து போனது என்று டிவியில் சொன்னார்கள். அத்தையை அடுப்படியிலிருந்து கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்க்கச் சொன்னார். இத்தனைக்கும் ஊர்க்காரர்கள் சுதந்திர தினத்துக்குக் கொடியேற்றக் கூப்பிட்டால் முழங்கால் வலி என்று சொல்லிவிடுகிற ஆள்.

30 மார்ச் 2025
நிழற்குடைத் தம்பியும் இன்னும் இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். நல்ல பையன்கள், டப்பாவைத் திறந்து எல்லாவற்றையும் பார்த்தார்கள், விளிம்பெழுத்தை நகத்தால் தடவியும் பார்த்தார்கள். கல்வெட்டு ஆள் எழுத்துக் கணக்குப் பார்த்துக் காசு கேட்கிறாராம், அதனால் சுருக்கமாகப் போடலாம் என்பது அவர்கள் பக்கம். நான் என் பக்கத்தைச் சொன்னேன். ஒருவர் என்னிடம் "மாமா, ராணுவம்னாதான் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு உத்வேகம்" என்றார். அதுவும் பொய்யில்லை. இந்த வருடமும் ஊரிலிருந்து இருவர் அக்னிவீர் தேர்வுக்கு ஓடிப் பழகுகிறார்கள், மாமா வீட்டு முன்னால்தான் ஓட்டம் ஆரம்பிக்கும்.

அத்தை இதுவரை பேசவில்லை. காபியை வைத்துவிட்டு, "கல்யாணம் ஆகி நான் போனது பிலாய்க்கு. மூணு பிள்ள பெத்தது பிலாயில. நைட் ஷிப்டு முடிஞ்சு வந்து அவரு சட்டையக் கழட்டுனா உப்பு வெள்ளையா உதிரும், அதக் கூட்டி அள்ளுனவ நான். அதப் போடாம என்னத்தப் போடுவீங்க? ரெண்டையும் போடுங்க. காசு நான் தாரேன்" என்றார்.

பையன்கள் காபியைக் குடித்தார்கள். முடிந்தது.

7 ஏப்ரல் 2025
நேற்றுப் புதுப் பாம்பன் பாலம் திறந்தாயிற்று. கேட்பார்கள் என்று நானே சொல்லிவிடுகிறேன்: மாமா பார்க்கவில்லை. கட்டும்போது இரண்டு முறை ரோட்டுப் பாலத்தில் வண்டியை நிறுத்தச் சொல்லிப் பார்த்திருக்கிறார். நடுப்பகுதி அப்படியே செங்குத்தாக மேலே ஏறும் என்றதும், "பெயிண்ட் யாரு அடிக்கிறா?" என்றுதான் கேட்டார்.

13 ஏப்ரல் 2025
கல்வெட்டு வாசகம் முடிவானது. பெயருக்குக் கீழே இரண்டு வரி. 'மெட்ராஸ் சேப்பர்ஸ் நாயக், 1964–1974'. 'பிலாய் உருக்காலை உலைத் தொழிலாளி, 1975–2001'. இரண்டும் ஒரே அளவு எழுத்து. சீருடைப் படம் கொடுத்துவிட்டேன். உலைப் படம் இல்லவே இல்லை, அங்கே யார் கேமரா கொண்டுபோனது?

கம்பி என் கடையிலிருந்து, லாபம் வைக்காமல். மணல் வேறு கடையில் வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். கவர் பிளாக் 45. அதே கொத்தனார் அண்ணன்தான் வேலை எடுத்திருக்கிறார். ஜல்லி வைத்தால் இந்த இழையில் படத்தோடு போடுவேன் என்று சொல்லியிருக்கிறேன்.

20 ஏப்ரல் 2025
தூத்துக்குடியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார், அவர் அப்பாவும் பட்டாளம், பிறகு பொதுத்துறை ஆலை, இப்போது இல்லை, அம்மாவுக்கு என்னென்ன கிடைக்கும் என்று. எங்கள் அத்தைக்காக அலைந்ததை வைத்துச் சொல்கிறேன். இபிஎஸ்-95-ல் பென்ஷன் வாங்கிக்கொண்டிருந்தவர் இறந்தால் மனைவிக்கு அதில் பாதி. படிவம் 10-டி. குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தது. ராணுவக் குடும்ப ஓய்வூதியம் தனிக் கணக்கு. அதற்கு முதலில் உங்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போங்கள், அங்கே எழுதிக் கொடுப்பார்கள். டிஸ்சார்ஜ் புத்தகம், பிபிஓ (பென்ஷன் உத்தரவு), இறப்புச் சான்று, அம்மாவின் ஆதார், வங்கிப் புத்தகம் எல்லாம் மூன்று மூன்று நகல்.

போவதற்கு முன் ஒன்று: அம்மாவின் பெயர் டிஸ்சார்ஜ் புத்தகத்தில் எப்படி இருக்கிறது, ஆதாரில் எப்படி இருக்கிறது என்று எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பாருங்கள். எங்கள் அத்தை பெயரைப் பட்டாளத்துக் கிளார்க் ஒரு மாதிரி எழுதியிருக்கிறார், பிலாய் கிளார்க் இந்தி உச்சரிப்பில் வேறு மாதிரி எழுதியிருக்கிறார், ஆதாரில் மூன்றாவது மாதிரி. மூன்று பேரும் ஒருவர்தான் என்று நோட்டரியிடம் பிரமாணப் பத்திரம் வாங்கி வைத்திருக்கிறோம். செவ்வாய்க்கிழமை மறுபடி போகிறோம்.